லாரி டிரைவருக்கு ஒரு சட்டம், கிடங்கு ஆளுக்கு வேறு சட்டம்: அமெரிக்காவில் ஊழியர்களுக்குப் போதைப்பொருள் சோதனை வைப்பது எப்படி

நியூ ஜெர்சியில் எட்டு லாரி, ஒரு சின்னக் கிடங்கு, இருபது பேருக்கும் குறைவான ஆட்கள். இதுதான் என் தொழில். ஆரம்பத்தில் எல்லோருக்கும் ஒரே மாதிரி சோதனை வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன், அது எவ்வளவு பெரிய தப்பு என்று தெரிய ஒரு வக்கீல் பில் தேவைப்பட்டது. புதிதாகத் தொழில் தொடங்குகிற நம் ஆட்கள் பலரும் அதே கேள்வியைக் கேட்பதால் எழுதி வைக்கிறேன். ஒரு சின்ன விஷயம்: போதைப்பொருளும் ட்ரக், வண்டியும் ட்ரக் என்று தமிழில் குழப்பம் வருவதால் வண்டியை லாரி என்றே சொல்லப்போகிறேன்.

முதல் படி: ஆட்களை இரண்டு பட்டியலாகப் பிரியுங்கள்

ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் சி.டி.எல் எனப்படும் கனரக வண்டி லைசென்ஸ் தேவைப்படும் வண்டியை ஓட்டுபவர்கள், அதாவது 26,001 பவுண்டு அல்லது அதற்கு மேல் எடை மதிப்பீடு உள்ள வண்டி, டிரைவரையும் சேர்த்து 16 பேர் அல்லது அதற்கு மேல் உட்காரும் பஸ், அபாய அறிவிப்புப் பலகை மாட்ட வேண்டிய சரக்கு. இவர்களுக்கு மத்தியப் போக்குவரத்துத் துறையின் விதி. வலப்பக்கம் மற்ற எல்லோரும்: கிடங்கு, அலுவலகம், சின்ன வேன் ஓட்டுபவர். இவர்களுக்கு மாநிலச் சட்டம். இடப்பக்கத்தில் சோதனை வைப்பது உங்கள் விருப்பம் இல்லை, கட்டாயம். வலப்பக்கத்தில் பெரும்பாலும் உங்கள் விருப்பம், ஆனால் எப்படி வைக்கலாம் என்பதை மாநிலம் சொல்லும்.

இடப்பக்கம் ஏன் இவ்வளவு கறார் என்றால் அதற்கு ஒரு விபத்து இருக்கிறது. 1987 ஜனவரி 4 அன்று மேரிலாந்தின் சேஸ் என்ற ஊரில் சிக்னலைத் தாண்டி வந்த சரக்கு எஞ்சின்களின் மேல் ஆம்ட்ராக் பயணிகள் ரயில் மோதி 16 பேர் இறந்தார்கள், எஞ்சினை ஓட்டியவர் கஞ்சா புகைத்திருந்தது பிறகு தெரிய வந்தது. 1991-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் நிறைவேற்றிய சட்டம் ரயிலோடு நிற்காமல் லாரி, பஸ், விமானம் வரை சோதனையைக் கட்டாயமாக்கியது.

இரண்டாம் படி: இடப்பக்கத்தை முதலில் முடியுங்கள்

சோதனையில் மாட்டிய டிரைவர்களைப் பதிந்து வைக்கும் கிளியரிங்ஹவுஸ் என்ற மத்திய அரசின் இணையப் பதிவேட்டில் உங்கள் நிறுவனத்தைப் பதிவு செய்யுங்கள். 2020 ஜனவரி 6 முதல் நடைமுறையில் இருக்கிறது. புது டிரைவரை எடுக்கும்போது அதில் முழுத் தேடல் செய்ய வேண்டும், அதற்கு டிரைவரே தன் கணக்கில் நுழைந்து சம்மதம் தர வேண்டும். அப்புறம் வருடத்துக்கு ஒரு முறை எல்லா டிரைவர்களுக்கும் சுருக்கத் தேடல். வேலைக்கு முந்தைய சோதனையின் முடிவு போதைப்பொருள் 'இல்லை' என்று கைக்கு வரும்வரை சாவியைக் கொடுக்காதீர்கள். "நாளைக்கு லோடு இருக்கு, ரிசல்ட் அப்புறம் வரட்டும்" என்று சொல்லி மாட்டிக்கொண்டவர்கள் நிறைய.

குலுக்கல் முறைச் சோதனையும் உண்டு: வருடத்துக்கு டிரைவர் எண்ணிக்கையில் 50 சதவீதம் போதைப்பொருளுக்கு, 10 சதவீதம் மதுவுக்கு. எட்டு டிரைவருக்குத் தனியாகக் குலுக்கினால் நான்கு பேர், மதுவுக்கு ஒருவர். ஆனால் சின்ன நிறுவனங்கள் பெரும்பாலும் கன்சார்ட்டியம் எனப்படும் கூட்டுக் குழுவில் சேர்ந்துவிடுகின்றன, நானும் அப்படித்தான். விகிதம் மொத்தக் குழுவுக்கும் சேர்த்துக் கணக்கு என்பதால் ஒரு வருடம் உங்கள் ஆட்களில் யார் பெயருமே வராமல் போகலாம், அது தப்பில்லை. ஒரே லாரி வைத்து நீங்களே ஓட்டினால் குழுவில் சேருவது கட்டாயம், தன் பெயரைத் தானே குலுக்கிக்கொள்ள முடியாது இல்லையா.

விபத்துக்குப் பிறகு கடிகாரம் ஓடும். உயிரிழப்பு என்றால் எப்படியும் சோதனை உண்டு. டிரைவருக்குப் போலீஸ் டிக்கெட் (விதிமீறல் சீட்டு) கிடைத்து, யாராவது உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாலோ வண்டியை இழுத்துப் போக வேண்டி வந்தாலோ அப்போதும் உண்டு. மதுவுக்கு 8 மணி நேரம், போதைப்பொருளுக்கு 32 மணி நேரம், அதற்குள் எடுத்தாக வேண்டும். டிரைவர்களை மேற்பார்வை செய்பவருக்கு மதுவின் அறிகுறிகள் பற்றி 60 நிமிடம், போதைப்பொருள் பற்றி 60 நிமிடம் பயிற்சி கொடுத்திருக்க வேண்டும். பலரும் விட்டுவிடுகிற இடம் இது.

மூன்றாம் படி: உங்கள் மாநிலம் என்ன சொல்கிறது என்று பாருங்கள்

இங்கேதான் தலைவலி, முக்கியமாகக் கஞ்சாவில். சிறுநீர்ச் சோதனை கஞ்சாவின் போதையைக் காட்டுவதில்லை, உடல் அதை உடைத்த பிறகு மிஞ்சும் கழிவுப்பொருளைக் காட்டுகிறது. அது சில நாட்கள், தொடர்ந்து பயன்படுத்துபவருக்குச் சில வாரங்கள்கூட இருக்கும். சனிக்கிழமை வீட்டில் புகைத்தவரும் திங்கள் காலை போதையோடு ஃபோர்க்லிஃப்ட் ஏறியவரும் அந்தச் சோதனைக்கு ஒன்றுதான். கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கிய மாநிலங்கள் இந்த ஓட்டையைப் பார்த்துத்தான் சட்டம் எழுதின.

நியூ ஜெர்சியில் 2021 பிப்ரவரியில் வந்த சட்டப்படி சோதனை வைக்கலாம், ஆனால் அந்தக் கழிவுப்பொருள் இருந்தது என்ற ஒரே காரணத்துக்காக வேலையை விட்டு நீக்கக் கூடாது. வேலை நேரத்தில் போதையில் இருந்தார் என்பதற்குத் தனி ஆதாரம் வேண்டும். மாநிலக் கஞ்சா ஆணையம் 2022 செப்டம்பரில் தந்த இடைக்கால வழிகாட்டுதலோடு கவனித்ததை எழுதி வைக்க ஒரு மாதிரிப் படிவமும் இருக்கிறது. கண் சிவந்திருந்தது, நடை தடுமாறியது, எத்தனை மணிக்கு, யார் பார்த்தது என்று அதில் அப்போதே எழுதுங்கள், மறுநாள் உட்கார்ந்து யோசித்து எழுதுவது எடுபடாது.

ஆற்றைத் தாண்டி நியூ யார்க் போனால் கதையே வேறு. மத்திய அல்லது மாநிலச் சட்டம் கட்டாயமாக்கிய வேலைகளைத் தவிர மற்றவர்களுக்குக் கஞ்சாச் சோதனையே வைக்க முடியாது. கலிஃபோர்னியாவில் 2024 ஜனவரி 1 முதல் கழிவுப்பொருளை வைத்து முடிவெடுக்கக் கூடாது, கட்டுமான வேலைக்கும் மத்திய அரசின் விதி சோதனை கேட்கும் வேலைகளுக்கும் விலக்கு உண்டு. வெர்மான்ட்டில் மத்திய சட்டம் கேட்டால் ஒழிய குலுக்கல் சோதனை கிடையாது. மேய்னில் உங்கள் கொள்கையை மாநிலத் தொழிலாளர் துறை அங்கீகரித்த பிறகுதான் ஆரம்பிக்கவே முடியும். மினசோட்டாவில் ஊழியர் ஒருவர் முதல் முறை மாட்டினால் சிகிச்சைக்கு வாய்ப்புத் தராமல் நீக்க முடியாது. ஃபுளோரிடா எதிர்ப்பக்கம்: மாநிலத் திட்டப்படி 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து ஒழுங்காக நடத்தினால் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீட்டில் 5 சதவீதம் தள்ளுபடி உண்டு.

நான்காம் படி: கொள்கையை எழுதுங்கள், காப்பி அடிக்காதீர்கள்

என் முதல் கொள்கைத் தாள் டெக்சாஸில் இருக்கும் நண்பருடையது. ஊர் பெயரை மட்டும் மாற்றினேன். தனியார் நிறுவனங்களை இந்த விஷயத்தில் அதிகம் கட்டுப்படுத்தாத மாநிலம் அது, அவருக்குச் சரியாக இருந்தது எனக்கு வழக்காகியிருக்கும். யாருக்கு, எப்போது, எந்தப் பொருட்களுக்கு, முடிவு வந்தால் என்ன நடக்கும் என்று இரண்டு பட்டியலுக்கும் தனித்தனியாக எழுதி, படித்தேன் என்று கையெழுத்து வாங்குங்கள். சோதனையை வேலை உறுதி சொன்ன பிறகு வையுங்கள். நேர்முகத் தேர்வில் "என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்" என்று கேட்டுவிடாதீர்கள், மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் நேராகப் போய் விழுவீர்கள்.

ஐந்தாம் படி: சோதனை நாள்

நான் அனுப்பிய கிளினிக்கில் கிடங்கு ஆளுக்கும் மத்திய அரசின் படிவத்தையே நிரப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தப் படிவம் இடப்பக்க ஆட்களுக்கு மட்டும்தான். மறுபடி எல்லாவற்றையும் செய்ய வேண்டி வந்தது, அந்தப் பையன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. அனுப்பும்போதே எந்தச் சோதனை, எந்தப் படிவம் என்று தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

டிரைவர்களுக்குக் குறைந்தது 45 மில்லி சிறுநீர், இரண்டு குப்பியாகப் பிரிப்பார்கள். நான்கு நிமிடத்துக்குள் சூடு பார்ப்பார்கள், 90 முதல் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள் இருக்க வேண்டும். ஆய்வகம் 'உண்டு' என்று சொன்னாலும் அது நேராக உங்களிடம் வராது, முடிவுகளைச் சரிபார்க்கும் எம்.ஆர்.ஓ எனப்படும் மருத்துவர் முதலில் டிரைவரிடம் பேசி, டாக்டர் சீட்டு இருக்கிறதா என்று கேட்பார். மாநிலம் கொடுத்த மருத்துவக் கஞ்சா அட்டையை மட்டும் அவர் ஏற்கமாட்டார்.

நம் வீடுகளில் கேட்கிற கேள்வி: குருமாவில் போடும் கசகசா காட்டிக்கொடுக்குமா? கசகசாவில் மார்ஃபின் துளி ஒட்டியிருப்பது உண்மைதான். அதனால்தான் 1998-இல் அதற்கான வரம்பை ஒரு மில்லிக்கு 300 நானோகிராமிலிருந்து 2,000-ஆக உயர்த்தினார்கள். ஆனாலும் சோதனைக்கு முந்தைய நாள் கசகசா அல்வாவை விடுங்கள்.

ஆறாம் படி: 'உண்டு' என்று வந்தால்

டிரைவர் என்றால் அந்த நிமிடமே வண்டியிலிருந்து இறக்க வேண்டும், மறுபேச்சில்லை. வேலையில் வைத்திருப்பதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு, ஆனால் போதைப் பழக்க நிபுணர்களின் பட்டியலை அவர் கையில் கொடுப்பது கட்டாயம். இரண்டாவது குப்பியை வேறு ஆய்வகத்தில் பார்க்கச் சொல்ல அவருக்கு 72 மணி நேரம் உண்டு, அது எம்.ஆர்.ஓ-விடம் கேட்க வேண்டியது. நிபுணர் சொன்ன சிகிச்சையை முடித்து மறுபடி ஓட்ட வந்தால் முதல் 12 மாதத்தில் குறைந்தது ஆறு தொடர் சோதனைகள்.

கிடங்கு ஆள் என்றால் அவசரப்படாதீர்கள். அவர் நியூ ஜெர்சியின் மருத்துவக் கஞ்சாத் திட்டத்தில் இருப்பவராகவும் இருக்கலாம், அப்படியானால் விளக்கம் தரவோ மறு சோதனை கேட்கவோ மூன்று வேலை நாட்கள் கொடுத்து, அந்த உரிமையை எழுத்தில் சொல்ல வேண்டும்.

தாள்களைப் பணியாளர் கோப்பில் செருகாதீர்கள். தனி அலமாரி, பூட்டு, சாவி ஒருவரிடம் மட்டும். டிரைவர்களின் 'உண்டு' முடிவுகளும் மறுத்தவர்களின் பதிவுகளும் ஐந்து வருடம், 'இல்லை' என்று வந்தவை ஒரு வருடம். எங்கள் அலமாரிச் சாவி என் மனைவியிடம் இருக்கிறது, நான் கேட்டாலும் எதற்கு என்று சொன்னால்தான் தருவாள்.