உதைபந்தாட்டக் கணிப்பைப் பரிமாறிக்கொள்வது எப்படி?

மாலையில் தேநீர்க் கடை வாங்கிலில் அமர்ந்தவுடனேயே கோல் கணக்கைத் தொடங்கிவிடாதீர்கள். இரணைமடுக் குளத்தில் தண்ணீர் எத்தனை அடி, வெள்ளாமை எப்படி என்று விசாரித்த பின்னரே வன்னியில் எந்தப் பேச்சும் சூடுபிடிக்கும்.

கல்லூரி அணிகளின் ஆட்டம் தொடங்குமுன் ஒவ்வொருவரும் தமது கணிப்பைக் கொப்பியில் எழுதிவிட வேண்டும், ஏனெனில் முடிவு தெரிந்த பின்னர் ‘நான் அப்போதே சொன்னேன்’ என்பவர்கள் பெருகிவிடுவார்கள். வெற்றியாளரை மட்டும் சரியாகச் சொன்னவருக்கு 1 புள்ளியும், கோல் எண்ணிக்கையையும் சரியாகச் சொன்னவருக்கு 3 புள்ளிகளும் வழங்கலாம். தோற்றால் வெளியேற வேண்டிய ஆட்டமாயின், முழுநேர முடிவைக் கணிக்கிறீர்களா, தண்ட உதைகளுக்குப் பின்னான முடிவையா என்பதை முன்கூட்டியே பேசித் தீர்மானியுங்கள். சண்டைகளில் பாதி இங்கேதான் பிறக்கிறது.

உதைபந்தாட்டத்தில் கோல்கள் அரிதாகவே விழுவதால் 1-0, 1-1, 2-1 ஆகியவற்றைச் சுற்றியே கணிப்பது புத்திசாலித்தனம். சொந்த ஊர்ப் பற்றில் 5-0 எழுதுபவரை (நானும் எழுதியிருக்கிறேன்) எவராலும் திருத்த முடியாது. ஒக்டோபருக்குப் பின் மாரி மழையில் மைதானம் சேறாகி, தரையோடு கடத்தும் பந்து பாதியில் நின்றுவிடும் என்பதால், குறுங்கடத்தலில் வல்ல அணியின் வாய்ப்பைச் சற்றுக் குறைத்தே மதிப்பிடுங்கள்.

பந்தயம் தேநீரோடு நிற்கட்டும். தோற்ற அணிக்காரரிடம் அவர்களுடைய கோல் காப்பாளரைப் பாராட்டிவிட்டு, அதன் பிறகு பகிடியைத் தொடங்குங்கள்.