மலையேற்றப் பந்தயம்: டயர் காற்றைச் சாக்பீஸ் சொல்லும்

மலைச்சாலையில் காரை வேகமாக ஓட்டி மேலேறும் மலையேற்றப் பந்தயத்தில் ஓர் ஓட்டம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். டயர் முழுசாகச் சூடேறாது, உள்ளே அழுத்தமும் அதிகம் ஏறாது. சர்க்யூட்டுக்கு (சுற்றிச் சுற்றி ஓடும் பந்தயத் தடத்துக்கு) வைக்கும் காற்றின் அளவையே வைத்தால் வளைவில் டயரின் ஓரம் மடங்கும். 2 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) கூட்டித் தொடங்குங்கள்.

பயிற்சி ஓட்டத்துக்கு முன், டயரின் பட்டன் (தரையில் படும் பகுதி) ஓரத்திலிருந்து பக்கச்சுவர் வரை மூன்று இடத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். மேலே போனதும் பாருங்கள். பக்கச்சுவரில் உள்ள சின்ன முக்கோணக் குறியையும் தாண்டிக் கோடு அழிந்திருந்தால் காற்று போதாது. பட்டன் ஓரத்திலேயே கோடு மிச்சமிருந்தால் அதிகம். ஒரு தடவைக்கு 1 பிஎஸ்ஐ மட்டும் மாற்றுங்கள். முன்னும் பின்னும் ஒரே அளவு வரவேண்டியதில்லை.

வெயில் படும் பக்கத்து டயர் கூடுதலாகக் காட்டும். அளப்பதற்கு முன் நிழலில் ஆறவிடுங்கள். காற்றழுத்தம் அளக்கும் கேஜ் ஒன்றையே கடைசிவரை பயன்படுத்துங்கள்.

உச்சியில் வண்டியை நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் இழுக்காதீர்கள், பலரும் செய்யும் தப்பு இதுதான். கொதிக்கும் பிரேக் டிஸ்க்கில் பிரேக் பேட் ஒட்டிக்கொள்ளும். முதல் கியரில் போட்டு, சக்கரத்துக்கு அண்டை கொடுங்கள். இறங்கும்போது இரண்டாவது கியரில் எஞ்சினே வேகத்தைப் பிடித்து நிறுத்தும்படி வாருங்கள். பெடல் மெத்தென்று இறங்கினால் பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது. பிரேக் குழாயில் சேர்ந்த காற்றை வெளியேற்றாமல் அடுத்த ஓட்டத்துக்குப் போகாதீர்கள்.