படைப்பா பரிணாமமா: சபைக்குள் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து எங்கள் சபை வாலிபர்களைக் கூட்டிக்கொண்டு லிங்கராஜபுரத்திலிருந்து லால்பாக் போனோம். அங்கே கெம்பேகவுடா கோபுரம் நிற்கிற பெரிய பாறை பெங்களூர்க்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். அதைத் தேசிய புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்துப் பலகையும் வைத்திருக்கிறார்கள். பாறைக்கு வயது சுமார் 300 கோடி வருஷம். பலகையைப் படித்த ஒரு தம்பி, ஐ.டி.யில் வேலை பார்ப்பவன், "கார்பன் டேட்டிங்கே பொய்னு எப்பவோ நிரூபிச்சாச்சு அங்கிள்" என்றான். எம்.எஸ்ஸி. படிக்கிற பெண் ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டாள். அப்புறம் முக்கால் மணி நேரம் சண்டை. கடைசியில் தம்பி எழுந்து தனியாகப் போய் நின்றுகொண்டான்.

அந்த முக்கால் மணி நேரத்தில் நடந்த தவறுகளைத்தான் எழுதுகிறேன், என்னுடையதையும் சேர்த்து. என் பக்கம் எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பூமி ரொம்பப் பழையது, பரிணாமம் நடந்திருக்கிறது, இரண்டிலும் எனக்குச் சந்தேகமில்லை. விசுவாசப்பிரமாணத்தில் "வானத்தையும் பூமியையும் படைத்த" என்று வரும் இடத்தையும் முழு மனசோடுதான் சொல்கிறேன்.

முதலில் அந்தக் கார்பன். கார்பன் டேட்டிங் என்பது பழைய பொருளில் மிச்சமிருக்கிற கார்பன் 14-ஐ அளந்து வயது சொல்வது. கார்பன் 14-இன் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறைய ஆகிற காலம், 5,730 வருஷம். ஒரு காலத்தில் உயிரோடு இருந்த மரம், எலும்பு, துணி மாதிரியானவற்றுக்கு, அதுவும் சுமார் 50,000 வருஷம் வரைக்கும்தான் அது உதவும். லால்பாக் பாறைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கார்பன் தப்பு, அதனால் பாறையின் வயது தப்பு என்பது, காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டர் எடை காட்டவில்லை என்று குறை சொல்வது மாதிரி. இந்த வகைப் பாறைகளுக்குள் ஜிர்கான் என்ற துகள்கள் இருக்கும். அதற்குள் இருக்கிற யுரேனியம் மெதுவாக ஈயமாக மாறிக்கொண்டே வருவதால், எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்த்து வயதைக் கணக்கிடுவார்கள். யுரேனியம் 238 பாதியாகக் குறையவே 447 கோடி வருஷம் ஆகும். பூமிக்கே சுமார் 455 கோடி வயது என்ற கணக்கும் ஈயத்தை வைத்து வந்ததுதான்: 1956-இல் கிளேர் பேட்டர்சன் விண்கற்களில் இருந்த ஈயத்தை அளந்து சொன்னது.

ஆனால் சிரித்த பெண்ணிடம் "சரி, நீயே சொல்லும்மா, எப்படி அளந்தாங்க?" என்று கேட்டபோது அவளுக்கும் தெரியவில்லை. "சயின்டிஸ்ட்ஸ் சொல்லிட்டாங்க அங்கிள்" என்றாள். பாஸ்டர் சொல்லிட்டாங்க என்று அந்தத் தம்பி சொல்லியிருந்தால் அதற்கும் சிரித்திருப்பாள்.

இதைவிடப் பெரிய தவறு, மூன்று கேள்விகளை ஒரே மூட்டையாகக் கட்டுவது. பூமிக்கு எவ்வளவு வயது என்பது ஒன்று, உயிரினங்கள் எப்படி மாறி வந்தன என்பது இன்னொன்று, இதற்கெல்லாம் பின்னால் கர்த்தர் இருக்கிறாரா என்பது மூன்றாவது. முதல் கேள்விக்குப் பதில் சொன்னதுமே மூன்றாவதற்கும் சொன்னதாக எடுத்துக்கொண்டால் பேச்சு அங்கேயே செத்துவிடும். பரிணாமத்தை எதிர்த்து 1925-இல் அமெரிக்காவில் டேட்டன் ஊர் வழக்கில் வாதாடிய வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையனே, ஆதியாகமத்தின் நாட்கள் நீண்ட காலங்களாக இருக்கலாம் என்று சாட்சிக் கூண்டில் ஏறிச் சொன்னார். உங்கள் தாத்தா காலத்து ஊழியர்கள் கையில் வைத்திருந்த ஸ்கோபீல்டு வேதாகமம் (விளக்கக் குறிப்புகளோடு வந்த பதிப்பு), ஆதியாகமத்தின் முதல் வசனத்துக்கும் இரண்டாம் வசனத்துக்கும் நடுவில் ஒரு பெரிய கால இடைவெளிக்கு இடம் கொடுத்தது. பிக் பேங், அதாவது பிரபஞ்சம் ஒரு பெருவெடிப்பில் தொடங்கியது என்பது, நாத்திகர்கள் கட்டிவிட்ட கதை என்று ஒருவன் சொன்னான். அந்தக் கருத்துக்கு வித்திட்ட ஜார்ஜ் லெமைத்ர் ஒரு கத்தோலிக்கக் குருவானவர்.

அடுத்தது என் தவறு. "பூமிக்கு வயசு ஆறாயிரம் வருஷம்னு எல்லாரும் ஒரே மாதிரி சொன்னதில்லை, கிமு 4004 அக்டோபர் 23 என்பது 1650-இல் அஷர் என்ற பேராயர் போட்ட கணக்கு, கிரேக்க வேதாகமத்து வம்சவரலாற்றைக் கூட்டினால் கிமு 5500 பக்கம் போகும்" என்றேன். அது வரைக்கும் சரி. நிறுத்தியிருக்கலாம். "அகஸ்டினே நம்ம பக்கம்தான்" என்று ஆதிச் சபையின் அந்தப் பெரிய போதகரையும் இழுத்துச் சேர்த்தேன். கூட வந்திருந்த ஓய்வுபெற்ற கெமிஸ்ட்ரி வாத்தியார் மெதுவாகச் சொன்னார்: "தம்பி, அகஸ்டின் எல்லாம் ஒரே நொடியில உண்டாச்சுன்னாரு. மனுஷன் உண்டாகி ஆறாயிரம் வருஷம்கூட ஆகலேன்னும் அவர்தான் எழுதினாரு. முழுசாப் படிச்சிட்டுக் கூப்பிடுங்க அவரை." எல்லார் முன்னாலும் முகத்தில் ஈயாடவில்லை எனக்கு. சார் யார் என்றால், ஆறு நாள் என்றால் ஆறு நாள்தான் என்பவர். கார்பனுக்கும் பாறைக்கும் சம்பந்தமில்லை என்று அந்தத் தம்பியிடம் முதலில் சொன்னதும் அவர்தான்.

ஆறு நாள்காரர்களிடம் வசனமே இல்லை என்று நினைப்பதும் தவறு. சாயங்காலமும் விடியற்காலமும் என்று ஒவ்வொரு நாளுக்கும் திரும்பத் திரும்ப வருகிறது, யாத்திராகமம் 20:11 ஓய்வுநாள் கட்டளையையே அந்த ஆறு நாளின் மேல்தான் கட்டுகிறது. இதற்கு நேராகப் பதில் சொல்லாமல் "கர்த்தருக்கு ஒரு நாள் ஆயிரம் வருஷம்" என்று 2 பேதுருவை நீட்டினால் அது வாய்ப்பாடு ஆகிவிடும். பேதுரு அங்கே கர்த்தருடைய வருகை தாமதிக்கிறதே என்பதைப் பற்றிப் பேசுகிறார். அதைவிட, சூரியன் நாலாம் நாள்தான் வருகிறது, ஆதியாகமம் 2:4-இல் மொத்தப் படைப்பையும் சேர்த்தே "உண்டாக்கின நாளிலே" என்று இருக்கிறது, இவற்றிலிருந்து ஆரம்பிக்கலாம்.

துருப்பிடித்த ஆயுதங்களையும் தூக்கிப் போடுங்கள். டார்வின் மரணப்படுக்கையில் மனந்திரும்பினார் என்பது, அவர் 1882-இல் இறந்து 33 வருஷம் கழித்து அச்சில் வந்த கதை. அவர் பிள்ளைகளே மறுத்துவிட்டார்கள். யோசுவாவுக்காகச் சூரியன் நின்றதால் கணக்கில் காணாமல்போன நாளை நாசா கம்ப்யூட்டர் கண்டுபிடித்தது என்பதும் அதே ரகம். பூமிக்குச் சில ஆயிரம் வருஷம்தான் வயது என்று வாதாடுகிற அமைப்புகளே இவற்றைச் சொல்லாதீர்கள் என்று தங்கள் ஆட்களிடம் கேட்டுக்கொள்கின்றன. குரங்கிலிருந்து மனிதன் வந்தால் குரங்கு ஏன் இன்னும் இருக்கிறது? உங்கள் பெரியப்பா மகன் இன்னும் வாணியம்பாடியில் இருக்கிறான் என்பதால் உங்கள் இரண்டு பேருக்கும் ஒரே தாத்தா இல்லை என்று ஆகிவிடுமா?

எங்கள் பக்கத்தவர்கள் நழுவுகிற இடமும் ஒன்று உண்டு. பாவத்தினாலே மரணம் என்று ரோமர் 5 சொல்கிறது. புதைபடிவங்களோ மனிதனுக்கு எவ்வளவோ முன்னால் செத்தவற்றின் எலும்புகள். அங்கே சொல்வது மனிதனுடைய மரணம், ஆவிக்குரிய மரணம் என்று விளக்கம் சொல்கிறோம். நானும் அதைத்தான் சொல்கிறேன், ஆனால் சொல்லும்போது எனக்கே முழுத் திருப்தி இல்லை. அதை ஒத்துக்கொள்ளாமல் எதிரில் இருப்பவரை "படிக்காதவன்" என்பதும், பதிலுக்கு அவர் "உனக்கு இரட்சிப்பே இல்லை" என்பதும் எங்கள் பாறை மேல் நடந்தது. தம்பி எழுந்து போனது அந்த நிமிஷம்தான்.

இறங்கி வெளியே வந்தபோது கேட் பக்கத்தில் உப்பு மிளகாய்த்தூள் போட்ட மாங்காய் வாங்கினோம். தம்பி சாரிடம் வந்து, "அந்த ஜிர்கான் எவ்ளோ பெருசு இருக்கும் சார்?" என்று கேட்டான். சார் மாங்காய்த் துண்டிலிருந்து ஒரு உப்புத் துகளை விரல் நுனியில் எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தார். "பெரும்பாலும் இதைவிடச் சின்னது." தம்பி அதைக் கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டே நின்றான். பஸ் வந்துவிட்டது.