முதலில் மணி நேரத்தைக் கேளுங்கள்: எச்.ஐ.வி பரிசோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னை போன்ற நகரத்தின் நம்பிக்கை மையங்களிலும் (எச்.ஐ.வி ஆலோசனை, பரிசோதனை மையங்கள்) பால்வினை நோய்ப் பிரிவுகளிலும் புதிதாகச் சேருகிறவர்கள் செய்யும் தவறுகள் புதியவை அல்ல. இந்த வேலையில் பழகிய எல்லோரும் ஒரு காலத்தில் செய்தவைதான். கையுறை, ஊசி அகற்றுதல், ஒப்புதல் கையெழுத்து எல்லாம் பயிற்சியிலேயே வந்துவிடும். கூட்டம் நெரிக்கும் நாளில் கைநழுவுகிற விஷயங்கள் வேறு.

பரிசோதனையை முன்னாலும் கேள்வியைப் பின்னாலும் வைப்பது

திங்கட்கிழமை காலை. சனிக்கிழமை இரவு ஆணுறை கிழிந்துபோனது என்று ஒருவர் வந்து நிற்கிறார். பதிவு, டோக்கன், விரல் நுனியில் ஒரு குத்து. முடிவு நான்-ரியாக்டிவ், அதாவது தொற்றின் அடையாளம் தெரியவில்லை. “ஒண்ணும் இல்லைங்க, மூணு மாசம் கழிச்சு வந்து இன்னொரு தடவை பாத்துக்கோங்க” என்று தாளைக் கொடுத்து அனுப்புகிறார்கள். அவரும் நிம்மதியாகப் போகிறார். நடந்ததெல்லாம் விதிப்படிதான். ஆனால் அவர் வந்தபோது கையில் இருந்த வாய்ப்பு, அவர் வாசலைத் தாண்டும்போது போய்விட்டது.

அந்தத் தாள் சனிக்கிழமை இரவைப் பற்றி எதுவும் சொல்லாது. விரைவுப் பரிசோதனைக் கிட் தேடுவது வைரஸை அல்ல, அதற்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்பொருட்களை (ஆன்டிபாடி). அவை உருவாகப் பல வாரங்கள் ஆகும். அதனால் 90 நாள் கழிந்தபின் வரும் நான்-ரியாக்டிவ் முடிவைத்தான் முழுதாக நம்பலாம். வைரஸின் புரதமான பி24 ஆன்டிஜெனையும் சேர்த்துப் பார்க்கும் நான்காம் தலைமுறை ஆய்வகப் பரிசோதனைக்கு 45 நாள் போதும். இரண்டு நாளில் எந்தச் சோதனையும் பேசாது.

இரண்டு நாளில் செய்யக்கூடியது பெப் (ஆபத்து நடந்தபின் தொற்றைத் தடுக்கப் போடும்) மாத்திரை தருவதுதான். வைரஸ் நுழைந்த இடத்திலிருந்து நிணநீர்க் கணுக்களுக்குப் பரவி வேரூன்றுவதற்கு முன் மருந்து ரத்தத்தில் இருக்க வேண்டும். 72 மணி நேரம் என்பது கடைசி எல்லை. அதுவரை நேரம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்வதே பாதித் தவறு. முதல் இரண்டு மணி நேரத்துக்குள் விழுங்கினால் இன்னும் நல்லது.

ஆகவே பதிவு மேசையிலேயே ஒரு கேள்வி: “பயப்படும்படி கடைசியா எப்ப நடந்தது? நாளும் நேரமும் சொல்லுங்க.” 72 மணிக்குள் என்றால் அவரை வரிசையிலிருந்து எடுத்து நேரே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். உறவில் உடனிருந்தவர் ஏ.ஆர்.டி (எச்.ஐ.வியைக் கட்டுப்படுத்தும்) மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு, வைரல் லோடு (ரத்தத்தில் உள்ள வைரஸ் அளவு) அடங்கியவர் என்று உறுதியாகத் தெரிந்தால் உடலுறவு வழியே தொற்றாது, பெப் தேவையில்லை. அது தெரியவில்லை, ஆபத்து உண்டு என்று மருத்துவர் முடிவெடுத்தால், டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரையை அங்கேயே விழுங்க வையுங்கள். ரத்தம் எடுக்கலாம், அதன் முடிவுக்காக முதல் மாத்திரையைத் தள்ளிப்போடாதீர்கள்.

எடுக்கும் ரத்தத்தில் எச்.ஐ.வி, ஹெபடைடிஸ் பி, சி, கிரியேட்டினின் (சிறுநீரகச் சோதனை) பாருங்கள். பெண்களுக்குக் கர்ப்பப் பரிசோதனையும். ஹெபடைடிஸ் பி உள்ளவர்கள்தான் பலர் தவறவிடுகிற இடம். டெனோஃபோவிரும் லாமிவுடினும் அந்த வைரஸையும் அடக்கி வைக்கும். 28 நாள் பெப் முடிந்ததும் சட்டென்று நிறுத்தினால் கல்லீரல் அழற்சி கிளம்பலாம். நிறுத்துவது எப்படி என்று தொடக்கத்திலேயே கல்லீரல் மருத்துவரோடு பேசிவிடுங்கள்.

28 நாள் மாத்திரையையும் ஒரே தடவையில் கொடுங்கள். மூன்று நாளுக்குக் கொடுத்து “மறுபடி வாங்க” என்றால் பலர் வருவதில்லை; வேலையை விட்டுவிட்டு இன்னொரு முறை இந்தப் படியேறுவது அவர்களுக்குச் சின்ன விஷயம் இல்லை. நெஞ்செரிச்சலுக்கு அன்டாசிட் குடிக்கிறவரா என்று கேளுங்கள்: மாத்திரை அதற்கு 2 மணி முன்னதாக, அல்லது 6 மணி கழித்து. இரும்பு, கால்சியம் மாத்திரைகளைச் சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டால் தடையில்லை. மறுபரிசோதனை 6 வாரம், 3 மாதம், 6 மாதத்தில்.

வார இறுதி எப்போதும் ஓட்டை. ஞாயிறு இரவு வருகிறவருக்கு அவசரப் பிரிவில் மாத்திரை இருக்கிறதா, அங்கே பணியில் இருப்பவருக்கு அது எந்த அலமாரி என்று தெரியுமா என்று வெள்ளிக்கிழமையே போய்ப் பாருங்கள்.

இத்தனை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. அன்றைய கணக்கில் பரிசோதனை ஒன்று கூடிவிடுகிறது. தவறிப்போன மணி நேரம் எங்கும் பதிவாவதில்லை. ஆறு மாதம் கழித்து அதே ஆள் ரியாக்டிவாக வரும்போதுகூட, அன்றைக்கு நாம் என்ன செய்யவில்லை என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

முதல் கிட்டிலேயே ‘பாசிட்டிவ்’ என்பது

அறிகுறி இல்லாதவருக்கு வெவ்வேறு வகையான மூன்று கிட்டுகளும் ரியாக்டிவ் காட்டினால்தான் எச்.ஐ.வி உறுதி. கிட்டின் தாளில் போட்டிருக்கும் நிமிடத்துக்குள் படித்துவிடுங்கள். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் தெரியும் மங்கல் கோட்டை வைத்து ஒருவரின் வாழ்க்கையைப் புரட்டக் கூடாது.

காய்ச்சலோடு வந்தவருக்கு பிரெப்

தொற்று ஏறிய 2 முதல் 4 வாரத்தில் காய்ச்சல், தொண்டைவலி, உடம்பில் தடிப்பு வரலாம். டெங்குவோ என்று நினைத்துவிடுவோம். அந்த நேரத்தில் விரைவுக் கிட் நான்-ரியாக்டிவ் காட்டக்கூடும். அதை நம்பி பிரெப் (தொற்று வராமலிருக்க முன்கூட்டியே போடும் மாத்திரை) தொடங்கினால், பிரெப்பில் இருக்கும் இரண்டு மருந்தால் தொற்றை அடக்க முடியாது. வைரஸ் அந்த மருந்துகளுக்கே பழகி எதிர்ப்பு பெற்றுவிடும். அவற்றில் ஒன்றான எம்ட்ரிசிடபைனுக்கு எதிர்ப்பு வந்தால் லாமிவுடினும் கைவிட்டுப் போகும். நான்காம் தலைமுறைப் பரிசோதனையோ வைரல் லோடோ பார்த்து முடிவெடுங்கள். தொடங்கியபின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எச்.ஐ.வி பரிசோதனை.

தேவைப்படும்போது மட்டும் போடும் 2-1-1 முறை (உறவுக்கு 2 முதல் 24 மணி முன்பு இரண்டு, அதிலிருந்து 24 மணியிலும் 48 மணியிலும் ஒவ்வொன்று) ஆணோடு உறவுகொள்ளும் ஆண்களுக்கானது. பெண்களுக்கு அதைச் சொல்லாதீர்கள். யோனித் திசுவில் மருந்து போதிய அளவு சேர நாள்தோறும் போட வேண்டும்.

சிறுநீரை மட்டும் பார்ப்பது

தொண்டையிலும் ஆசனவாயிலும் இருக்கும் கொனோரியா பெரும்பாலும் வலிக்காது, சிறுநீரிலும் வராது. சிஃபிலிஸ் சோதனையை எச்.ஐ.வியோடு சேர்த்தே செய்யுங்கள்.

“கல்யாணம் ஆயிடுச்சா?”

கேட்காதீர்கள். எந்த வகை உறவு, ஆணுறை இருந்ததா, எப்போது. இவ்வளவு போதும்.

கூட வந்தவரிடம் சொல்வது

அம்மாவாக இருந்தாலும், பரிசோதனைக்கு வந்தவரின் சம்மதம் இல்லாமல் முடிவைச் சொல்லக் கூடாது. 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி சட்டம் அதைத் தடுக்கிறது. துணைக்குத் தெரிவிக்க அதே சட்டத்தில் தனி நடைமுறை இருக்கிறது. அதைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள்.

‘மாடியில் ஏ.ஆர்.டி மையம், போய்ப் பாருங்க’

முடிவைக் கேட்டு நடுங்கும் ஒருவர் தனியாகப் படியேற மாட்டார். கீழே பஸ் நிறுத்தத்துக்குத்தான் போவார். கூடவே நடந்து போங்கள். பதிவு முடியும்வரை நில்லுங்கள். 1097 உதவி எண்ணைத் தாளில் எழுதிக் கையில் கொடுங்கள்.