பழைய நிரலில் பிறந்த திகதி: 29 நாளைக் கவனியுங்கோ

கிளிநொச்சிப் பக்கம் ஒரு சங்கத்தின் பழைய அங்கத்தவர் நிரலைத் திருத்தும்போது கண்டது இது. ஆண்டுக்கு இரண்டு இலக்கம் மட்டும் வைத்திருந்தார்கள். '28' என்பதை 2028 என்று எடுத்து, 1928இல் பிறந்த ஐயாவின் வயதே பிழைத்துப் போனது.

பிறந்த திகதியை அடையாள அட்டை இலக்கத்திலிருந்தும் எடுக்கலாம். பழைய அட்டை இலக்கம் என்றால், அதில் ஆண்டைக் காட்டும் முதல் இரண்டு இலக்கத்துக்கு முன்னால் யோசிக்காமல் 19 போடுங்கோ. 2016இல் வந்த 12 இலக்க எண்ணில் ஆண்டு முழுதாகவே இருக்கு. அடுத்த மூன்று இலக்கமும் அது ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு 500 கூட்டியிருக்கும். கனபேர் சறுக்கிற இடம் இதுதான்: அதில் பெப்ரவரிக்கு எப்பவும் 29 நாள். மார்ச் 1 எந்த ஆண்டிலும் 61. வழமையான நாட்கணக்கைப் போட்டால் லீப் அல்லாத ஆண்டுகளில் மார்ச்சிலிருந்து ஒரு நாள் பிசகும்.

பழைய பதிவை அழிக்காதேங்கோ. பக்கத்தில் எட்டு இலக்கத்தில் புதிய திகதியைச் சேர்த்து, இரண்டையும் சில மாதம் ஒப்பிட்டுப் பாருங்கோ.