மரப்படகுக்கு வார்னிஷ் பூசுதல்: திருகோணமலைக் கரைக்கான வழிமுறை

திருகோணமலையில் கரையேற்றி வைத்த மரப்படகொன்றுக்கு வார்னிஷ் பூச நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது காற்றையே. ஐப்பசி தொடக்கம் தை வரை வாடை மழை விடாது. வைகாசிக்குப் பின் கச்சான் காற்று மேற்கிலிருந்து புழுதியை அள்ளி வந்து ஈரப்பூச்சில் ஒட்டிவிடும். ஆகவே மாசி, பங்குனி, சித்திரை மாதங்களே இந்த வேலைக்கு ஏற்றவை. சித்திரையில் பின்னேர இடிமழை வரக்கூடும் என்பதால் அதற்கு முன்பே முடித்துவிடுவது நல்லது.

படகின் முழு உடலுக்கும் வார்னிஷ் பூசத் தேவையில்லை. நீர்மட்டக் கோட்டுக்குக் கீழே பாசியும் கொட்டலசும் ஒட்டாமல் தடுக்கும் வர்ணமே வேண்டும். அங்கே வார்னிஷ் பூசுவது வீண்செலவு. நீர்மட்டத்துக்கு மேலே தெரியும் பலகைகளுக்கே இந்தப் பூச்சு உரியது. வார்னிஷ் ஒளியை உள்ளே விடுவதால், சூரியனின் புற ஊதாக் கதிர் பூச்சைக் கடந்து மரத்தின் மேற்படையைச் சிதைக்கிறது. அப்போது வார்னிஷ் நன்றாக இருந்தாலும் அடியிலுள்ள மரம் பிடி விட்டுவிடுகிறது. அக்கதிரை மறிக்கும் பொருள் கலந்த, படகுக்கென்றே செய்யப்பட்ட வார்னிஷை வாங்க வேண்டும். கதவுக்கும் மேசைக்கும் பூசும் மலிவான வார்னிஷ் மரத்தோடு சேர்ந்து விரிந்து சுருங்காது. ஒரே பருவத்தில் வெடித்து உரியும்.

வேலையின் பெரும்பகுதி தூரிகையை எடுப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. கடலில் கிடந்த பலகையின் நாரிடையே உப்பு தங்கியிருக்கும். அது காற்றின் ஈரத்தை இழுத்துப் பூச்சுக்கு அடியில் கொப்புளங்களை எழுப்பும். எனக்கு இந்த வேலையைப் பழக்கிய ஓடாவி ஒருவர், கழுவிக் காய்ந்த பலகையில் விரலை அழுத்தித் தேய்த்து நாக்கில் வைத்துவிட்டு, “தம்பி, இன்னும் கரிக்குது, திரும்பக் கழுவும்” என்பார். மூன்று தடவை கழுவ வைத்த நாளும் உண்டு. கரையோரக் கிணற்றுத் தண்ணீர் சவராக இருந்தால் அதனால் கழுவுவதில் பயனில்லை. குழாய்த் தண்ணீரே வேண்டும்.

கழுவிய படகைக் கிடுகுக் கொட்டிலின் நிழலில் இரண்டு கிழமையாவது காயவிட வேண்டும். கிடுகிலிருந்து தூசி உதிரும் என்பதால், அதன் கீழே பொலித்தீன் விரிப்பு ஒன்றைக் கட்டிக்கொள்ளுங்கள். மரம் காய்ந்துவிட்டதா என அறிய, உள்ளங்கையளவு பொலித்தீன் துண்டை நான்கு பக்கமும் ஒட்டுநாடாவால் பலகையில் ஒட்டி ஓர் இரவு விட்டுப் பாருங்கள். காலையில் உட்புறத்தில் நீர்த்துளி பூத்திருந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். அதற்காக மாதக்கணக்கில் காயவிட்டாலும் பலகைகள் சுருங்கி இடைவெளி விரிந்துவிடும். அந்த இடைவெளிக்குள் வார்னிஷை நிரப்பக் கூடாது. பலகை இடைவெளிகளை நீர் புகாமல் அடைக்கும் கலப்பற்று வேலை முடிந்த பின்பே பூச்சைத் தொடங்க வேண்டும்.

உரியும் பழைய வார்னிஷைச் சுரண்டி எடுத்துவிட்டு, சாண்ட்பேப்பரில் 80, 120, 220 என்ற இலக்கங்களை இந்த வரிசையில் மரத்தின் நாரோட்டத்தோடு தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்த கீறல் ஒவ்வொன்றும் பூச்சின் கீழே பளிச்செனத் தெரியும். ஈரத்தால் கறுத்த இடங்களை ஒக்சாலிக் அமிலக் கரைசல் வெளுக்க வைக்கும். அது நச்சு என்பதால் கையுறை அணிந்து பூசி, பின்னர் நன்றாகக் கழுவி மீண்டும் காயவிட வேண்டும். இறுதியாக மினரல் டேர்பன்டைனில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியால் தூசியைத் துடைத்தெடுக்க வேண்டும்.

வார்னிஷ் பேணியைக் குலுக்கவே கூடாது. குலுக்கினால் உண்டாகும் நுண்குமிழிகள் பூச்சில் அப்படியே உறைந்துவிடும். தட்டைக் குச்சியால் மெதுவாகக் கலக்கினால் போதும். தேவையான அளவை மெல்லிய நைலோன் துணியில் வடித்து வேறொரு பேணியில் எடுங்கள், மிஞ்சியதைத் திருப்பி ஊற்றாதீர்கள். முதற்பூச்சுக்குச் சரிபாதி டேர்பன்டைன் கலக்கலாம். இரண்டாவதில் கால் பங்கு, மூன்றாவதில் பத்திலொரு பங்கு எனக் குறைத்து, அதன்பின் கலக்காமலே பூசலாம். பேணியில் வேறு அளவு அச்சிட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். ஹல்மில்ல எனச் சிங்களத்தில் வழங்கும் சவண்டலை மரம் இறுக்கமானது. நீர்த்த முதற்பூச்சுத்தான் அதற்குள் இறங்கும். சென்னைக் கரையின் பேரலைகளைத் தாங்கிய மசூலாப் படகுகளுக்கு ஒரு காலத்தில் இம்மரமே ஏற்றுமதியாகி, அங்கே ‘திருகோணமலை மரம்’ என்ற பெயரால் அறியப்பட்டது.

பூசும் நேரத்தில் எனக்கு ஒரு தவறு நேர்ந்ததுண்டு. வெயில் தணியட்டும் என்று பின்னேரம் ஐந்து மணிக்கு ஒரு பக்கம் முழுவதையும் பூசி முடித்தேன். இரவில் பனி இறங்கியது, விடிந்து பார்த்தால் கண்ணாடி போல் மின்னியிருக்க வேண்டிய பலகை, பால் தெளித்ததுபோல் வெளிறிக் கிடந்தது. அந்தப் பக்கம் முழுவதையும் தேய்த்து மீண்டும் பூச வேண்டியதாயிற்று. காலை ஒன்பது மணியளவில், பனி உலர்ந்த பின் தொடங்கி நண்பகலுக்குள் நிறுத்திவிடுவதே பாதுகாப்பு. பலகை கையைச் சுடும் அளவுக்குச் சூடேறியிருந்தாலும் பூசாதீர்கள்.

இயற்கை மயிர்த் தூரிகையின் மூன்றிலொரு பங்கை மட்டும் தோய்த்து, இரண்டடி நீளத்துக்குப் பூசி, உடனே தூரிகை நுனியால் புதிய பகுதியிலிருந்து முந்திய ஈர ஓரத்தை நோக்கி மெல்ல இழுத்துவிட வேண்டும். ஒருவர் பூசிச் செல்ல மற்றவர் பின்னால் இழுத்துவருவது இன்னும் நல்லது. பத்து நிமிடங்களில் பக்கவாட்டு வெளிச்சத்தில் குனிந்து பார்த்து, வடிந்த இடங்களைச் சரிசெய்யுங்கள். ஒரு நாள் இடைவெளி விட்டு 320ஆம் இலக்கத் தாளால் இலேசாகத் தேய்க்கும்போது வெண்பொடி உதிர்ந்தால் அடுத்த பூச்சுக்குப் போகலாம். தாளில் பசைபோல் ஒட்டினால் இன்னும் காயவில்லை. இந்த வெயிலுக்கு ஆறு பூச்சுக்குக் குறைந்தால் நான் திருப்தியடைவதில்லை.

எண்ணெய் கலந்த வார்னிஷ் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். அவை தாமாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். தண்ணீரில் நனைத்து, வெளியே விரித்துக் காயவிட்ட பின்பே அப்புறப்படுத்த வேண்டும். கடைசிப் பூச்சுக்குப் பின் ஒரு கிழமையாவது பொறுத்துப் படகைக் கடலில் இறக்குங்கள். அதன்பின் கயிறு உரசியோ நங்கூரம் இடித்தோ பூச்சு பெயர்ந்தால், அன்றே அந்த இடத்தை நல்ல தண்ணீரால் கழுவிக் காயவிட்டு இரண்டு தடவை தொட்டுப் பூசிவிட வேண்டும்; விட்டுவைத்தால் அந்த நகத்தளவு ஓட்டை வழியே நீர் இறங்கிச் சுற்றிலும் ஒரு முழத்துக்குப் பூச்சைக் கிளப்பிவிடும்.