மலை ரயில் ஆராய்ச்சிக்கு மானியம் கேட்பவர்கள் எங்கே சறுக்குகிறார்கள்?

குன்னூர், ஊட்டிப் பக்கம் நீலகிரி மலை ரயிலை வைத்து ஆராய்ச்சி என்று பேச்செடுத்தால், ஒரு கல்லூரி, கோவையில் ஒரு கம்பெனி, இரண்டுக்கும் நடுவில் ஒரு விண்ணப்பம் என்றுதான் கதை ஆரம்பிக்கும். யோசனை மோசமாக இருந்து விண்ணப்பம் விழுவது குறைவு. கம்பெனி வெறும் லெட்டர்ஹெட்டாக மட்டும் உள்ளே வருவதால்தான் பல விண்ணப்பங்கள் விழுகின்றன என்பது என் கணிப்பு.

பணத்திலேயே அது தெரிந்துவிடும். 2022 ஜூனில் ரயில்வே அமைச்சகம் அறிவித்த புத்தாக்கக் கொள்கையில் மானியம் அதிகபட்சம் 1.5 கோடி ரூபாய். பலர் அந்த எண்ணோடு படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். அதற்கு அடுத்த வரியில்தான் விஷயம் இருக்கிறது: செலவு சமபங்கு, பணம் கட்டம் கட்டமாக வரும். 80 லட்ச ரூபாய்த் திட்டம் என்றால் 40 லட்சம் உங்கள் பக்கத்திலிருந்து வர வேண்டும். "முழு ஒத்துழைப்பு தருவோம்" என்ற கடிதம் 40 லட்சம் ஆகாது. ரொக்கம் எவ்வளவு, பட்டறையில் எந்த இயந்திரத்தை எத்தனை நாள் தருவார்கள், எந்தப் பொறியாளர் எத்தனை மாதம் இதில் உட்காருவார், இதற்கெல்லாம் கையெழுத்துப் போடும் அதிகாரம் யாருக்கு என்று கடிதத்தில் இருக்க வேண்டும். ஒரு கட்டத்துப் பணம் வரும்வரை சம்பளத்தை யார் சமாளிப்பது என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள். ஐஐடிகளை வைத்து 2015-ல் வந்த உச்சதர் ஆவிஷ்கார் யோஜனா என்ற மத்திய அரசின் ஆராய்ச்சித் திட்டத்திலும் தொழில் நிறுவனம் கால் பங்கு போட வேண்டியிருந்தது. கைக்காசு போடாத கூட்டாளியை யாரும் பெரிதாக நம்புவதில்லை.

அடுத்தது, நம் ரயிலின் அழகில் மயங்கிப்போவது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம், நடுவில் பல் தண்டவாளம். இந்தியாவில் வேறெங்கும் இது கிடையாது. விண்ணப்பத்தில் இதைப் பெருமையாக எழுதுகிறார்கள். மதிப்பீடு செய்பவர் கண்ணில் அதுவே குறையாகப் படும். நாட்டின் பெரும்பாலான பாதை 1676 மில்லிமீட்டர் அகலப் பாதை. நம்முடையது 1000 மில்லிமீட்டர். இங்கே மட்டும் ஓடும் கருவியை வேறு யார் வாங்குவார்கள்? கம்பெனி முதலாளியும் இரண்டாவது சந்திப்பிலேயே "எத்தனை பீஸ் போகும் சார்?" என்று கேட்டுவிடுவார், அவர் கேட்பது நியாயம்தான். பற்களின் தேய்மானத்தைப் படிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு வாடிக்கையாளர்கள் குன்னூர் லோகோ ஷெட்டும் திருச்சி பொன்மலைப் பணிமனையும்தான், எனவே தொகையை அதற்கேற்பச் சுருக்குங்கள். மண்சரிவை எச்சரிக்கும் கருவி என்றால் கதையே வேறு. கொங்கண் பாதைக்கும் அஸ்ஸாமின் லும்டிங் மலைப்பகுதிக்கும் அதே தலைவலி உண்டு. அந்தப் புத்தாக்கக் கொள்கையின் கீழ் தீர்வு கேட்டு ரயில்வே வெளியிட்ட முதல் பிரச்சினைப் பட்டியலில் இருந்த உடைந்த தண்டவாளத்தைக் கண்டறிதல், தண்டவாள அழுத்தத்தைக் கண்காணித்தல், தொலையுணர்வு மூலம் பாலத்தைச் சோதித்தல் எல்லாமே இப்படி எங்கும் பொருந்தும் பிரச்சினைகள்தான். அந்தப் பட்டியல் மொழியில் உங்கள் பிரச்சினையைச் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். "மலை ரயிலுக்கு ஒரு ஏஐ" என்பது பிரச்சினை அல்ல, தலைப்பு.

கால அட்டவணையில் நடக்கும் தவறு இந்த மலைக்கே உரியது. குன்னூர்–மேட்டுப்பாளையம் சரிவை உலுக்குவது வடகிழக்குப் பருவமழை. ஐப்பசி, கார்த்திகையில் பாறையும் மண்ணும் பாதையில் விழுந்து ரயில் ரத்தாவது இங்கே எல்லோருக்கும் பழகிய செய்தி. 12 மாதத் திட்டம் போட்டு, முதல் ஆறு மாதம் கொள்முதல் என்று எழுதுவார்கள். ஏப்ரலில் பணம் வந்து, டெண்டர் இழுத்து, கருவி நவம்பரில் கைக்கு வந்தால் மழை பாதி முடிந்திருக்கும். அப்புறம் உலர்ந்த சரிவை அளந்து அறிக்கை எழுத வேண்டியதுதான். இரண்டு பருவமழை உள்ளே வருமாறு 24 மாதம் கேளுங்கள். முதல் மழையில் கருவி பழுதானால் சரிசெய்து இரண்டாவதில் அளக்கலாம். சிக்னல் கிடைக்காத காட்டுப்பகுதியும் உண்டு. செல்போன் டவரை நம்பித் தரவு அனுப்புவதாக எழுதுவதற்கு முன் ஒரு முறை அந்தப் பாதையில் ரயிலில் போய், கையிலிருக்கும் போனைப் பார்த்தாலே போதும்.

இடம் யாருடையது என்பதையும் மறந்துவிடுகிறார்கள். தண்டவாளம் ரயில்வேயுடையது. ஆனால் சரிந்து வரும் மண் பெரும்பாலும் ரயில்வே எல்லைக்கு மேலே உள்ள சரிவிலிருந்து வருகிறது, அங்கே வனத்துறை. சென்சார் அங்கேதான் வேண்டும் என்றால் இரண்டு அனுமதி, இரண்டு காலக்கெடு. யானை நடமாடும் காடு, ஆளை அனுப்பிக் குழி தோண்டுவதற்கும் நேரம் காலம் உண்டு. போதாததற்கு 2005 முதல் இது யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். சுரங்கப்பாதை வாயிலில் கோபுரம் நிறுவப்போவதாக எழுதினால் கேள்வி வரும். இன்ஜினிலோ தண்டவாளத்திலோ எதையாவது பொருத்த வேண்டும் என்றால் பாதுகாப்பு ஒப்புதலுக்குத் தனியாக மாதங்கள் போகும். பாதையோரத்தில் நிற்கும் கருவியோடு ஆரம்பிப்பது சுலபம்.

கண்டுபிடிப்பு யாருக்குச் சொந்தம் என்ற பேச்சைக் கூச்சத்தில் தள்ளிப்போடாதீர்கள். ரயில்வேயின் புத்தாக்கக் கொள்கைப்படி உரிமை கண்டுபிடித்தவருக்கு. சரி, கண்டுபிடித்தது கல்லூரியா, கம்பெனியா? ஒப்பந்தம் இல்லாவிட்டால் முன்மாதிரி ஓட ஆரம்பித்த அன்றைக்கே சண்டை ஆரம்பிக்கும். மாணவர் ஆர்வத்தில் கருத்தரங்கில் கட்டுரை படித்துவிட்டு வந்தால் காப்புரிமையும் சிக்கலாகும்; முதலில் மனு, பிறகு மேடை.

பட்ஜெட்டில் ஜிஎஸ்டி, மழைக்கால ஜீப் வாடகை, மாற்று பேட்டரி, முடிவில் ஆடிட்டர் கட்டணம் ஆகியவை அடிக்கடி விடுபடுகின்றன. மானியத்துக்குக் கொடுக்க வேண்டிய செலவுச் சான்றிதழ் கல்லூரிக் கணக்குப் பிரிவிலிருந்து வர வேண்டும் என்பதால், அந்தப் பிரிவில் இருப்பவருக்கு விண்ணப்பத்தின் நகல் ஒன்றை முன்பே கொடுத்துவிடுங்கள்.